பல்லும் சொல்லும்

பகலில் துறைமுகத்தில் மூட்டை எண்ணுவான்.
இரவில் கொம்பனித்தெரு பாரில் சக்ஸபோன்.
போஸ்டரில் பென்னி,
ஜம்பட்டா வீதியில் பெனடிக்ட் சவரிமுத்து.

ப்ளூஸ் என்றால் என்னடா என்றேன்.
மழைக்குள் நிற்காமல் போகிற
நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ், என்றான்.

எண்பத்து மூன்று யூலையில்
பெயர் கேட்டார்கள்.
எந்தப் பெயரைச் சொன்னானோ,
முன்பல் இரண்டும் இல்லை.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள்.
அவனுக்கு ஊதல்தான் போச்சு.
செட்டியார்தெருவில் அடகு வைத்தான்,
மாதாமாதம் வட்டி கட்டினான்,
மீட்கவே இல்லை.

பிறகுதான் பாட வந்தான்.
சொல்லுக்குச் சொல் காற்று ஒழுகும்;
அந்த ஓட்டையைக் கேட்கவே சனம் வரும்.

நான் டிரம்ஸ். பின்னாலிருந்து,
பக்கக் கண்ணாடியில் பார்ப்பேன்:
பாட்டு நடுவே அவன் விரல்கள்
சட்டைப் பொத்தான்களை
ஒவ்வொன்றாய் அமத்திக்கொண்டிருக்கும்.