குடிக்காதவர் பட்டியல்

வாரத்துக்கு எத்தனை கிளாஸ் என்றது படிவம்.
ஐந்து என்று எழுதி
மூன்றாகத் திருத்தினேன்.

டாக்டர் குவெக் சிரிக்கவில்லை.
"ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லதுன்னு
முன்னாடி நீங்கதானே..."

பழைய கணக்கில் ஒரு பிழையாம்:
நோய் வந்து நிறுத்தியவர்களையும்
குடிக்காதவர் பக்கமே எண்ணிவிட்டார்களாம்;
அதனால்தான் குடித்தவர்கள் திடமாகத் தெரிந்தார்களாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, சரி.
அளவோடிருந்தால் நஞ்சு என்னவாகும் என்று
ஒரு பழமொழியும் சொல்லி வைக்கவில்லை.

ஈசூன் காப்பிக்கடையில்
குணாளன் எனக்கும் சேர்த்து
பெரிய போத்தல் பியர் திறந்து வைத்திருந்தான்.
சிவந்த முகம், உரத்த குரல், நல்ல பசி.

எதிரே உட்கார்ந்து
தே ஓ கொசோங் சொன்னேன்.
இன்று முதல் நானும்
அவனைத் திடமாகக் காட்டுகிறேன்.