பொருள் எண் பதினேழு

பதினாறு பொருள்களும் இருபது நிமிடத்தில் முடிந்தன.
தெருவிளக்கு, குப்பை வண்டிக்கு டயர்,
பேருந்து நிலையக் கழிப்பறைக் குத்தகை நீட்டிப்பு.
ஒவ்வொன்றுக்கும் மேசையைத் தட்டினார்கள்,
ஒவ்வொன்றுக்கும் நான் அடித்தேன்:
‘மன்றம் ஒருமனதாக அனுமதித்தது.’
இந்த ஒரு வரிக்கென்றே என் கணினியில்
தனி விசை வைத்திருக்கிறேன்.
பதினோரு வருடத்தில் அந்த விசையில்தான்
எழுத்து அழிந்திருக்கிறது.

பதினேழாவது பொருள்
பதினான்கு மாடி, இருநூற்றுப் பன்னிரண்டு வீடு,
வளையன் கண்மாய் மறுகால் ஓடையை ஒட்டி.
(ஓடை வரைபடத்தில் மட்டும் ஓடுகிறது.)
நகரமைப்பு அலுவலர் திரையில் படம் போட்டார்.
மதுரைக்கு மேல் நான் பார்த்தே இராத நீலத்தில் வானம்.
நீச்சல் குளத்தின் கரையில்
நாயைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரி.
“இந்தம்மா எந்த வார்டு?” என்றார் பின்வரிசையில் காஜா மைதீன்.
அவை சிரித்தது.
சிரிப்பை அவைக்குறிப்பில் எழுதுவதில்லை.

ஜெயராக்கினி எழுந்தார்.
மைக் வேலை செய்யவில்லை; அவருக்கு அது தேவையும் இல்லை.
“மழை பேஞ்சா எங்க வார்டுல கக்கூஸ் தண்ணி
கீழ போறதில்லங்க, மேல வருது.
போன ஐப்பசியில வீட்டுக்கு வீடு
கோப்பை மேல மணல் மூட்டை வச்சுட்டுப் படுத்தோம்.
இப்ப இருநூத்திப் பன்னெண்டு வீட்டுது
எந்தக் குழாய்ல வந்து சேரும்?”

“எட்டு அங்குலக் குழாய்ங்க.”
“எப்பப் போட்டது?”
அலுவலர் முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.
“எண்பத்து மூணு.”
மின்விசிறிச் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

வீரணன் கையை உயர்த்தினார்.
“வருசத்துக்கு முப்பத்தெட்டு லட்சம் வீட்டுவரி வருதுங்க.
அதுலயே அக்காவுக்குப் புதுக்குழாய் போட்டுரலாம்.”
“வீடு எப்ப முடியும்?”
“மூணு வருசம்.”
“குழாய்?”
வீரணன் உட்கார்ந்தார்.

நான் அடித்தது:
‘கழிவுநீரின் எதிர்த்திசை ஓட்டம் குறித்து
மாமன்ற உறுப்பினர் வினவினார்.’

என் கைப்பையில் ஒரு ரசீது இருந்தது.
ஒன்பதாம் தளம், சி, கிழக்குப் பார்த்தது.
முன்பணம் ஐம்பதாயிரம், சொசைட்டிக் கடன்.
பால்கனியில் நின்றால் யானைமலை
முழு நீளத்துக்குப் படுத்திருப்பது தெரியும் என்றான் விற்பனைப் பையன்.
நான் கேட்டது அதை அல்ல,
ஒன்பதாவது மாடிக்கு வெள்ளம் ஏறி வருமா என்று.
செல்லூரில் கட்டில் காலுக்கு நாலு செங்கல் கொடுத்துப்
பிள்ளையைத் தூங்க வைத்தவள் வேறு எதைக் கேட்பாள்?
“வரவே வராது மேடம்.”
அதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.
கீழே யார் வீட்டுக்கு வரும் என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேயர் மணியைத் தொட்டார். “ஒருமனதாகத்தானே?”
என் விரல் முந்திக்கொண்டது.
“என் பேரை எதிர்ப்புல போடுங்க” என்றார் ஜெயராக்கினி.
அழிக்க அழிக்க
க, தா, ன, ம, ரு, ஒ
ஒவ்வொன்றாகப் போயின.
‘பெரும்பான்மையாக’ என்பதற்கு விசை இல்லை,
எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்து, படிக்கட்டில் நின்றிருந்தார்,
செருப்பு வாரை இழுத்துவிட்டபடி.
“எழுதிட்டியாம்மா?”
“எழுதிட்டேன்க்கா.”
“கக்கூஸ்னு எழுதினியா?”
பேசாமல் நின்றேன்.
“அப்ப படிக்கிறவனுக்கு எப்படிடி நாறும்?”

திரும்பிப் போய் எழுதினேன்,
மேற்கோள் குறிக்குள், அவர் சொன்னபடியே,
கீழ போறதில்ல, மேல வருது என்பதோடு சேர்த்து.
கண்காணிப்பாளர் சிவப்பு மையில் சுழித்து
‘அவைக்கு ஏற்ற சொல் இடுக’ என்று திருப்பியிருக்கிறார்.
மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது.
திருத்தவில்லை.
முன்பணத்தையும்
இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.