இரண்டாம் பாகத்தில் சாகிறவன்

முதல் பாகத்தில் பாலத்தின் மேல் செத்தேன்,
நான்கு நொடி, தொப்பியோடு.
இரண்டாம் பாகத்துக்கும் கூப்பிட்டார்கள்.
"தாடி வளர்த்துக்கொண்டு வா, ஓடெல்,
யாருக்கும் அடையாளம் தெரியாது."
தெரிந்தால்தான் என்ன?
டெட்ராய்ட்டில் ஒரே ஆள்
இரண்டு முறை சாவது புதிதில்லை.

ஜனவரி. இரவு இரண்டு மணி.
ஆற்றுக்காற்று
காதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும்.
அந்தக் குளிரிலும் பொய்ப்பனி தூவினார்கள்.
எங்கள் பனி
கேமராவுக்குப் போதுமான வெள்ளை இல்லையாம்.

கூரை விளிம்பில் சாம்பல் ஆந்தை நின்றது.
அது கதாநாயகன் இல்லை. அவருக்கு உயரம் ஆகாது.
டோலிடோவிலிருந்து வந்த பையன் ஒருவன்
இறக்கைக்குள் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு
நீதியைக் காத்துக்கொண்டிருந்தான்.

வில்லன்கள் மூவர்.
சாவிப்பல்லன்:
வங்கி பிடுங்கிய வீடுகளின் சாவிகளே அவன் பற்கள்.
அவன் சிரித்தால் தெருவெங்கும் கதவுகள் திறந்துகொள்ளும்,
உள்ளே எவரும் இருக்க மாட்டார்கள்.
மீட்டர்காரன் சுவரில் கைவைப்பான்,
குழந்தைகளின் வாயிலிருந்து புகை வரும்.
பிறகு அவள்.
நகரத்துக்குக் கீழே ஆயிரம் அடியில்
நிஜமாகவே உப்புச் சுரங்கம் உண்டு.
மூடிய தண்டுக்குள் ஆட்களை விட்டுவிட்டார்கள்,
அவள் மட்டும் ஏறி வந்தாள் என்று கதை.
உப்புச் சீமாட்டி.

ஒப்பனைக்கு ஐந்து மணி நேரம்.
உதடு அசைந்தால் உப்பு உதிரும்,
அதனால் கூடாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து
சூப்பை உறிஞ்சுகுழலில் குடித்தாள்.
எங்கே வேலை பார்த்தீர்கள் என்றாள்.
அச்சு ஆலை, இருபத்திரண்டு வருஷம் என்றேன்.
எந்தத் தெரு?
மோரன் தெரு. இப்போது அங்கே
ஆலையும் இல்லை, தெருவும் இல்லை.
அவள் தலையாட்டினாள்.
சூப்பில் கொஞ்சம் உப்பு விழுந்தது.

அடுத்த டேக்.
'இந்த நகரம் எனக்குக் கடன்பட்டிருக்கிறது'
என்பதுதான் தாளில் இருந்த வசனம்.
அவள் ஆந்தையை அண்ணாந்து பார்த்து,
கத்தாமல்,
கடையில் மீதிச் சில்லறை கேட்பவள்போலக் கேட்டாள்:
"மோரன் தெருவை எங்கே வைத்தாய்?"

இயக்குநர் கட் சொல்லவில்லை.
டோலிடோ பையனிடம் பதில் இல்லை.
விரித்த இறக்கையை மடக்கவும் தெரியாமல்
நின்றுகொண்டே இருந்தான்.

பிறகு தூண் விழுந்து நான் செத்தேன்.
பதினொரு முறை.
பனி உருகிக் காதுக்குள் போனது.

நவம்பரில் படம் வந்தது.
என்னோடு செத்த லுவெல்லாவும் நானும்
இரண்டு பஸ் மாறிப் புறநகரில் போய்ப் பார்த்தோம்.
அந்தக் கேள்வியை வைத்திருந்தார்கள்.
பின்வரிசையில் யாரோ ஒருமுறை கைதட்டி
நிறுத்திக்கொண்டார்.
பதிலைத்தான் ஸ்டுடியோவில் சேர்த்திருந்தார்கள்,
இடியோடு, கதாநாயகனின் அடித்தொண்டையில்:
"நீதி தாமதமாகும்."
அரங்கில் சிரிப்பு எழுந்தது.
படம் எடுத்தவர்கள் கேட்க விரும்பாத சிரிப்பு.

கடைசியில் மழையில் கரைத்துவிட்டார்கள் அவளை.
என் சாவு இரண்டு நொடி,
முழங்கை மட்டும்.
"உன் முழங்கை நன்றாக நடித்திருக்கிறது" என்றாள் லுவெல்லா.

வெளியே நகராட்சி லாரி
சாலைக்கு உப்புத் தூவிக்கொண்டு போனது.
செருப்படியில் நொறுங்கியது.
நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
பஸ் தாமதம்.

போன வாரம் மூன்றாம் பாகத்துக்கு அழைப்பு.
தாடியை மழித்துவிட்டு வரச் சொன்னார்கள்.
சரி என்றேன்.
எந்தப் பக்கம் நின்று சாக வேண்டும் என்று கேட்டேன்.

மறுமுனையில் அந்தப் பெண்
தாள் புரட்டும் சத்தம்
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.