ஒட்டுநாடா

டிரெஸ்டனில் கடைசி டிராம் போன பிறகுதான்
மேசை நடுங்காமல் நிற்கும்.
எங்கள் பகல்
இரவு பன்னிரண்டுக்குத் தொடங்குகிறது.

பிஸ்மத் செலினைடுச் சில்லின்மேல்
ஒட்டுநாடாவை அழுத்தி
ஒரே இழுப்பில் உரிக்கிறாள் வென்கே.
ஆறின புண்ணின் பொருக்குப் போல
ஒரு படலம் நாடாவோடு வருகிறது.
கீழே, இதுவரை எந்த வெளிச்சமும் தொடாத கண்ணாடி.

சிவப்பை அனுப்புகிறோம்.
உள்ளே அதற்கு மதிப்பில்லை.
அங்கே ஒவ்வோர் அணுவுக்கும் எதிரே ஓர் இணை,
இது இழுத்தால் அது தள்ளும்,
வரவும் செலவும் நேர்.
ஓரத்தில் இருப்பவற்றுக்குத்தான் எதிரில் ஆளில்லை.
அவை
இரண்டு சிவப்பை வாங்கிக்கொண்டு
ஒரு நீலத்தைத் தருகின்றன.
கோடியில் ஒன்றுகூடத் தேறாது.
உண்டியல் காசு எண்ணுவது போல
எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

படிகத்தைச் சுற்றச் சுற்ற
திரையில் இதழிதழாய் விரிகிறது
ஆறிதழ்ப் பூ.

இரண்டரை மணிக்குப் பூ பெருக்கத் தொடங்கியது.
'லேசர் நகர்கிறது' என்றான் திலோ.
லேசர் நகரவில்லை.
வடிகட்டியைக் கழற்றி ஊதி மாட்டினோம்.
பிளாஸ்கில் காப்பி தீர்ந்தது.
பூ இன்னும் பெருத்தது.

வென்கேதான் பார்த்தாள்:
பெட்டியின் மூடி திறந்து கிடந்தது.
காற்று பட்டிருக்கிறது.
பட்ட இடத்தில் மின்சுமை சேரச் சேர
நீலம் கூடிக்கொண்டே போயிருக்கிறது.
இத்தனை நேரம் நாங்கள் அளந்தது
ஒரு மேற்பரப்புக்கு வயதாவதை.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும், சரி.
முகத்தையே உரித்துவிட்டால்?
உரித்தாள்.
அடுத்த அடுக்கு முகமாயிற்று.
மறுபடி உரித்தாள்.
அதுவும்.
தடுத்துவைக்கும் உள்ளிருக்கிற வரை
ஓடவிடும் ஒரு விளிம்பு இருந்தே தீரும்;
எத்தனை நாடா வீணானாலும்
எலெக்ட்ரான்களுக்குத் தெரு உண்டு.

குறிப்பேட்டில் திலோ எழுதினான்:
'தவறு. மூடி திறந்திருந்தது.'
வென்கே முதல் சொல்லை மட்டும் அடித்தாள்.
பக்கத்தில் அந்த நாடாவை ஒட்டினாள்,
நாடாவுக்கடியில் மினுங்கும் படலம்,
ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகை.

நான்கு ஐம்பதுக்கு
முதல் டிராம் வளைவில் திரும்பியது.
திரையில்
ஆறிதழும் நடுங்கின.