பக்கம் பதினொன்று

புதன்கிழமை மாலைகளில் பந்தயம்.
பதினாறு படகுகள், காற்றிருந்தால்.
பரிசு ஒரு பீங்கான் கோப்பை,
கைப்பிடி உடைந்து
பசை போட்டு ஒட்டியது.

இதற்குத்தான்
ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்கிறாள்:
தன்னார்வலர்கள் எத்தனை பேர்,
ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள்?

நான் பொருளாளர்.
பேனா மூடியைக் கடித்தபடி சொல்கிறேன்.
லாய்ட் நிக்கல் துறைமுனையில் நின்று
நேரம் பார்த்து ஊதுவார்.
ஊதிக்கொண்டிருந்தார் என்று போடுங்கள்.
ஆர்டிஸ் கொடி ஏற்றுவாள்.
வெர்ன் ஆரஞ்சு மிதவையைக் கொண்டுபோய்ப் போட்டு
இருட்டுமுன் எடுத்து வருவான்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
குளிரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்
என்று நாக்குவரை வந்தது.
சொன்னால் அதற்கும் ஒரு தொகை போடுவாள்.

முன்பும் ஒரு காப்பீடு இருந்தது,
டிராயரில், டீ பாக்கெட்டுகளுக்குக் கீழே.
யாரும் படித்ததில்லை.

பிறகு அந்த ஆகஸ்ட்.
மூடுபனி தீவைத் தாண்டி வராது என்றார் லாய்ட்.
ஐந்து நிமிட ஊதல்,
நான்கு,
ஒன்று,
புறப்பட்டார்கள்.
தீவைத் தாண்டி வந்தது.
உள்ளே எங்கோ மரம் மரத்தை மோதும் சத்தம்.
ஒருவருடைய மைத்துனர்,
ஒண்டாரியோவிலிருந்து விருந்துக்கு வந்தவர்,
முழங்கை நொறுங்கிப் போயிற்று.

நல்ல மனிதர். பார்க்கப் போன எங்களுக்கு
மருத்துவமனைக் கட்டிலிலிருந்து
சாக்லேட் நீட்டினார், மற்றக் கையால்.
கடிதத்தை எழுதியது அவருடைய வழக்கறிஞர்.
கிளப்பின் பெயருக்கு ஒன்று.
லாய்ட் நிக்கல் பெயருக்கு ஒன்று,
வீட்டு விலாசத்துக்கு.

டிராயரைத் திறந்தோம்.
தாளில் கிளப் இருந்தது, கூரை இருந்தது,
துறைப் பலகையில் வழுக்கி விழும்
முன்பின் தெரியாதவர்கூட இருந்தார்.
ஊதுபவர் இல்லை.
கூலி வாங்காதவர்
கணக்கில் எந்தப் பக்கமும் வரவில்லை.

வீடு போகவில்லை. சொல்லிவிடுகிறேன்,
இல்லாவிட்டால் கடைசிவரை அதையே நினைப்பீர்கள்.
பதினெட்டு மாதத்தில் சமரசம் ஆயிற்று.
ஆனால் அந்தப் பதினெட்டு மாதமும்
லாய்ட் புதன்கிழமை வருவார்,
வண்டியைவிட்டு இறங்கமாட்டார்.
வெர்ன் ஊதினான், இரண்டு விநாடி பிந்தி.
கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு விரல் ஸ்டியரிங்கைத் தட்டும்,
சரியான விநாடியில்.

மார்ச் கூட்டத்தில் எண்ணைச் சொன்னேன்.
இரண்டாயிரத்து நூற்றெண்பது டாலர்.
கிராண்ட் மோஷர் எழுந்தார்:
கோப்பையின் விலை என்ன?
சிரித்தார்கள். நானும்தான்.
பதினான்கு டாலர் என்றேன், பசையோடு.
பிறகு ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

படகுக்கு நூற்று முப்பத்தாறு டாலர்,
இருபத்தைந்து சென்ட்.
அந்த இருபத்தைந்து சென்ட்டைப் பற்றி
இருபது நிமிடம்.
அதற்குள் டாரல், தன் படகை விற்கப்போவதாகச் சொன்னான்.
ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்,
யாரும் கேட்கவில்லை.
பதினைந்து படகு.
திரும்ப வகுத்தேன்.
ஐந்து சென்ட் இடித்தது, நான் போட்டேன்.

மே மாதம் பாலிசி வந்தது. முப்பத்துநான்கு பக்கம்.
நான்காம் பக்கத்தில், ஒரு கால்புள்ளிக்குப் பிறகு:
தன்னார்வலர்கள், பணியின்போது,
பெயர் குறிப்பிடப்படாவிட்டாலும்.
அந்தப் பக்கத்தை நகலெடுத்து
லாய்டின் வைப்பருக்கு அடியில் செருகினேன்.
தூறல். அவர் வைப்பரைப் போட்டார்.
தாள் கண்ணாடியில் இரண்டு தடவை
போய் வந்தது.
மூன்றாவது தடவைக்கு முன் இறங்கிவிட்டார்.

நனைந்துகொண்டே படித்தார்.
மடிக்காமல் கையில் வைத்தபடி கேட்டார்:
விதிவிலக்குகள் எங்கே?

பக்கம் பதினொன்று என்றேன்.
போர், கலகம், அணுக்கதிர், எலி.
மூடுபனி இல்லை.

நம்பவில்லை.
கொண்டுவா என்று சொல்லிவிட்டு
படிக்கும் கண்ணாடியைத் தேடி
வண்டிக்குள் குனிந்தார்.

துறைமுனையில் ஆர்டிஸ்
ஐந்து நிமிடக் கொடியை ஏற்றாமல் கையில் பிடித்துக்கொண்டு
எங்களையே பார்த்து நின்றாள்.
பதினைந்து படகும் கோட்டுக்குப் பின்னால்
சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.