புறங்கைத் தேன்

செசில் ஸ்திரீட், இருபத்தேழாவது மாடி.
ஆலோசகர் பெயர் கோ.
தமிழில் அதற்கு அரசன் என்று பொருள்
என்றான் அண்ணன் வேந்தன்.
அரசர் சிரித்துவிட்டுத் திரையில்
மூன்று கட்டங்களைக் காட்டினார்.

முதலாவது, உங்களுக்கே உங்களுக்கான அலுவலகம்.
உங்கள் பெயர்ப்பலகை, உங்கள் ஆட்கள்.
முதலீடு பார்ப்பார்கள், வரி பார்ப்பார்கள்,
நாய்க்கு ஊசி போடும் தேதியும் பார்ப்பார்கள்.
அடுத்தது, பத்துப் பதினைந்து குடும்பங்களோடு
ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்வது.
கடைசியாக, அலுவலகமே இல்லாத அலுவலகம்:
வக்கீல் ஓரிடம், கணக்காளர் ஓரிடம்,
நடுவில் ஒருவர் போனும் கையுமாக.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அந்த ஒருவர் நான்தான்.

இருபத்திரண்டு வருடம்
பெஞ்சுரு கிடங்கின் மாடியில்,
கப்பல் கயிற்று வாடைக்குள்,
அண்ணனின் கார் தவணை
தங்கையின் பெர்த் வீட்டு வரி
அப்பாவின் டயாலிசிஸ் பில்
எல்லாம் ஒரே எக்செல் கோப்பில்.
ஒரு கசினோக் கடனும் உண்டு.
‘இதர செலவு’ என்று எழுதினேன்.
யாருடையது என்று இங்கும் சொல்லப்போவதில்லை.

மார்ச்சில் நார்வேக்காரர்கள் கிடங்கை வாங்கினார்கள்.
கயிறு போனது, பணம் வந்தது.
பணத்துக்கு வாடை கிடையாது.
எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

அண்ணனுக்கு முதலாவது வேண்டும்.
‘தலைவர்’ என்று அட்டைகூட அடித்துவிட்டான்.
கோ சம்பளங்களைக் கூட்டிக் காட்டினார்.
சட்டைக்குத் துணி இருக்கிறது,
கோட்டுக்குக் காணாது.
பெர்த்திலிருந்து, திரைக்குள்ளிருந்து
சுடரொளி சொன்னாள்:
மூன்றாவதே போதும். செலவே இல்லை.
அதான் அக்கா இருக்கிறாளே.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு கேட்டேன், அந்த இரண்டாவது.
தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?
எவ்வளவு நக்குவீர்கள்?
ஆயிரத்துக்கு ஆறு வெள்ளி, வருடத்துக்கு.
அதற்கு மேல் பேங்க் ஏதாவது தருமா உங்களுக்கு?
சில சமயம், என்றார்,
காப்பி-ஓவை ஒரு வாய் குடித்துவிட்டு.
அந்தச் சில சமயத்தை எழுத்தில் கொடுங்கள் என்றேன்.
அண்ணன் என்னைப் பார்த்தான்,
கிடங்கில் இத்தனை வருடம்
பார்க்காத மாதிரி.

இன்னொன்றும் கேட்கவேண்டியிருந்தது.
வெளியே வரவேற்பறையில் நித்திலன்,
அண்ணன் மகன், பத்தொன்பது வயது, பேசமாட்டான்.
நாங்கள் மூவரும் போனபின்
அவன் இட்லியில் சட்னி பட்டுவிட்டால்
அன்று முழுக்கச் சாப்பிடமாட்டான் என்பது
இதில் எந்தக் கட்டத்தில் வரும்?

கோ திரையை அணைத்தார்.
அன்று முதன்முறையாகப் பேனாவை எடுத்தார்.
எந்தச் சட்னி, என்று கேட்டார்,
பச்சையா, சிவப்பா?
அண்ணன் பதில் சொல்ல வாய் திறந்தான்.
அவனுக்குத் தெரியவில்லை.
தலைவர் அட்டையை மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

கையெழுத்து அன்று போடவில்லை.
இன்னும் இரண்டு இடம் பார்க்கவேண்டும்,
அங்கேயும் சட்னியைக் கேட்கவேண்டும்.

இறங்கும்போது மின்தூக்கியில்
நித்திலன் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டான்.
இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்து நான்கு...
ஒவ்வோர் அலுவலகமும் கதவைத் திறந்து
எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு
மூடிக்கொண்டது.