ஆறிய இரும்பு

ஞாயிறு காலை ஐந்தே கால்.
ராத்திரி முழுக்கச் சந்தில் நின்ற புல்லட்டின்
சிலிண்டர் செதில்களில் கை வைத்தேன்.
மண்குடம் போல் குளிர்ந்து கிடந்தது.
சரி, பிரிக்கலாம்.

சூட்டோடு தொட்டால் இரும்பு பொய் சொல்லும்,
நீண்டிருக்கும், எந்த அளவும் நிற்காது.
இது ஒன்று எனக்கு யாரும் சொல்லாமல் தெரியும்.
பதினெட்டு வருடமாகச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவன்.

போன மாதம் குகை ஜான்பாஷாவிடம்
'டக்டக்னு அடிக்குது பாய், சத்தமே வரக் கூடாது' என்றேன்.
என்னைவிட ஆறு வயது சின்னவர்.
ஒரு மாதிரி பார்த்தார், கேட்டதைச் செய்தார்.
வண்டி ஊமையாகித் திரும்பியது.
இரண்டு நாள் பெருமை,
அஸ்தம்பட்டி சிக்னலில் பக்கத்து ஆள்
ஆஃப் ஆகிவிட்டதோ என்று குனிந்து பார்க்கும் அளவுக்கு.

மூன்றாம் நாள் ஐந்து ரோட்டில், நட்டநடுவில், நின்றது.
சூடேறினால் கிக்கருக்குக் கட்டுப்படவில்லை.
மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது
ஓட்டைச் சைக்கிள் பம்பு மாதிரி.

'வால்வு உக்காரலை' என்றார் ஜான்பாஷா.
'உக்கார நீங்க இடம் விடலை.
சத்தம் போடுற டேப்பெட் போட்டுட்டுப் போவுது.
சத்தமில்லாததுதான் உள்ள கருகும்.
ஆறின வண்டி, ரெண்டு விரல், அவ்வளவுதான் வேலை.'
காசு வாங்கவில்லை.
இரண்டு ஸ்பேனரைக் கடன் கொடுத்து
புதன்கிழமைக்குள் வேண்டும் என்றார்.

பிளக்கைக் கழற்றி, நாலாவது கியரில் போட்டு,
ஒரு கை பின்சக்கரத்தில், ஒரு கை பிளக் துளையில்,
நடுவில் உடம்பு வில்லாக,
உருட்டினேன்.
மூடிய கட்டைவிரலைக் காற்று முட்டித் தள்ளியது.
பிஸ்டன் உச்சிக்கு வருகிறது.
இரண்டு வால்வும் சாத்தியிருக்கும் நேரம்.

டேப்பெட் கவர் ஒற்றைத் திருகில் வந்துவிட்டது.
புளிக்கரைசல் நிறத்தில் எண்ணெய் ஒரு சொட்டு.
உள்ளே இரண்டு ராடுகள்.
விரலிடையில் சுழல வேண்டும்,
மேலும் கீழும் அசையக் கூடாது.

ஆனால் என் விரல் நுனிகள்
நெருப்பும் ஆசிட்டும் தின்றவை.
ரேஷன் கடை மெஷின் ஆறு மாதமாக
என் ரேகையை ஏற்பதில்லை.
சுழல்கிறதா என்றால் சுழல்வது போலிருந்தது.
அசைகிறதா என்றால், அதுவும்.

'தண்ணி வந்துருச்சு, குடத்த எடு'
என்று வந்தாள் மல்லேஸ்வரி.
'இத கொஞ்சம் புடிச்சுப் பாரேன்.'
'கையில மாவு.'
'தொடச்சுட்டு.'

நாளெல்லாம் மயிரிழைக் கண்ணி கோக்கிற விரல்.
பிடித்தவுடன் கண்ணை மூடிக்கொண்டாள்.
எனக்குத் தோன்றவேயில்லை அது.
'இறுக்கம்.'
லாக்நட்டைத் தளர்த்தி ஒரு துளி திருப்பினேன்.
'இன்னும்.'
திருப்பினேன்.
'போச்சு. இப்ப ஆடுது.'
பின்னுக்கு.
'இரு. இரு... ம்.'
நட்டை இறுக்கினால் அளவு ஓடிவிடும்.
நான்கு முறை ஓடியது.
நடுவே குழாயில் தண்ணீர் நின்றுபோனது,
இருவருக்கும் கேட்டது, இருவரும் பேசவில்லை.

'சலங்கைக்குள்ள கல்லு ஒட்டிக்கிட்டா
ஊமைன்னு ஏவாரி திருப்பி அனுப்புறான்ல,
அதானே இது?'
'அது வெள்ளி' என்றேன்.
வேறு பதில் வரவில்லை.

மத்தியானம் அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறினோம்.
எட்டு வளைவு, ஒன்பது, பத்து,
மூச்சு வாங்காமல் போகிறது வண்டி.
பதினோராவதில் முதுகில் தட்டினாள்.
'டிக்டிக்னு கேக்குது.'
'கேக்கணும்.'
'ஒண்ணுதான் கேக்குது. ரெண்டு கேக்கணும்ல?'

தடுப்புச் சுவரோரம் நிறுத்தினேன்.
குரங்குகள் விலகி உட்கார்ந்தன.
கீழே சேலம், வெயிலில் பரப்பிய தகரத் துண்டுகள்.
இஞ்சினை அணைக்காமல் காதைச் சாய்த்தேன்.
எனக்கு இரண்டு கேட்டது.
இரண்டு கேட்க வேண்டும் என்பதால் கேட்டதோ.

இரும்பு கொதித்துக்கொண்டிருக்கிறது.
நாளைக் காலை ஐந்தே கால் வரை
அவளும் எதையும் நிரூபிக்க முடியாது, நானும்.
கொய்யா வாங்கினோம்.
மிளகாய்த்தூள் கொஞ்சம் அதிகம்.